ஃபார்மேட் கடைசியில் இருக்கட்டும்

ஊர் ஊராகக் கணினிப் பழுது பார்க்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடிப்படிக்குக் கீழே கடை வைத்திருப்பவர்கள், வீட்டு முன்னறையில் மேசை போட்டு வேலை பார்ப்பவர்கள், டூல் பையோடு பைக்கில் அலைபவர்கள், ரிச்சி தெருவில் நின்ற வாக்கிலேயே மதர்போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பவர்கள் என்று எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். இந்தத் தொழிலில் உங்களுக்கு மூத்தவன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

சொல்ல வந்தது ஒன்றுதான். காரணத்தைக் கண்டுபிடித்த பிறகு கை வையுங்கள். "ஃபார்மேட் போட்டுடலாம்ணே, சரியாயிடும்" என்பது இன்று நம் தொழிலின் முதல் வாக்கியமாகிவிட்டது. கணினியைப் பார்ப்பதற்கு முன்பே, பல சமயம் ஃபோனிலேயே, அதைச் சொல்லிவிடுகிறோம். ஃபார்மேட்டில் சில கோளாறுகள் சரியாகத்தான் செய்யும். ஏன் சரியானது என்று வாடிக்கையாளருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. மற்றவை ஒரு வாரத்தில் திரும்பி வரும். அதற்குள் கடையின் கணக்கு டேட்டாவும், பிள்ளையின் புராஜெக்டும், இல்லாமல்போன தாத்தாவின் படங்களும் அழிந்திருக்கும்.

ஜெராக்ஸ் கடைகளில் அடிக்கடி வரும் புகார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். "பிரிண்ட் கொடுத்தா சிஸ்டம் ஆஃப் ஆகி ஆன் ஆகுது." கேட்டவுடன் பிரிண்டர் டிரைவர் மேல்தான் சந்தேகம் போகும். அதை எடுத்துவிட்டு மறுபடி ஏற்றுவோம். சரியாகாது. ஃபார்மேட் போடுவோம். சரியாகாது. எஸ்எம்பிஎஸ் மாற்றுவோம். அப்போதும் அதே கதைதான். மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தவருக்கு விஷயம் தெரியும்: லேசர் பிரிண்டரின் ப்ளக் யுபிஎஸ்ஸில் இருக்கும். டோனர் பொடியை உருக்கித் தாளில் ஒட்டவைக்கும் ஃபியூசர் சூடேறும்போது பல நூறு வாட் மின்சாரத்தை ஒரேயடியாக இழுக்கும். கடைகளில் பரவலாக இருக்கும் 600 விஏ யுபிஎஸ் தாங்குவது சுமார் 360 வாட். கணினியையும் சுமந்துகொண்டு இந்த இழுப்பையும் அது தாங்காது. பிரிண்டரின் ப்ளக்கைச் சுவர் சாக்கெட்டுக்கு மாற்றினால் வேலை முடிந்தது. பத்து பைசா செலவில்லை.

டிரைவர் கோளாறு மாதிரித் தெரிந்தது கரண்ட் கோளாறு. இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். பாகமே செத்துவிட்டது என்று நினைத்தால், வெறும் டிரைவர் இல்லாமல் கிடக்கும். இந்த இரண்டையும் பிரித்துக் காண்பதற்குத்தான் நமக்குக் காசு.

வந்த கணினியைத் திறக்கும் முன் ஐந்து நிமிடம் கேளுங்கள். எப்போதிலிருந்து இப்படி? அதற்கு முந்தின நாள் என்ன நடந்தது? புதிதாக ஏதாவது மாட்டினீர்களா, இடம் மாற்றி வைத்தீர்களா, கரண்ட் போய் வந்ததா, இடி இடித்ததா, அப்டேட் ஓடியதா? நாள் முழுக்க இப்படியா, சாயங்காலம் மட்டுமா? "சாயங்காலம் மட்டும்" என்ற பதில் வந்தால் மின்னழுத்தத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டு மோட்டார் ஓடும் நேரமாக இருக்கலாம். "பத்து நிமிஷம் நல்லா ஓடிட்டு நின்னுடும்" என்றால் சூடு. திருப்பூர், கோவைப் பக்கம் மில்லுக்குள் இருக்கும் கணினிகளின் ஹீட்சிங்கில் பஞ்சு மெத்தை மாதிரி அடைத்திருக்கும். தூத்துக்குடி, நாகப்பட்டினம் பக்கம் உப்புக் காற்றில் ரேமின் கால்கள் கறுத்துப் போயிருக்கும். வாடிக்கையாளர் சொல்லும் காரணத்தை நம்ப வேண்டியதில்லை. அவர் கண்ணால் கண்டதை நம்புங்கள்.

வாடிக்கையாளர் சொல்வதில் இன்னொன்று. "ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன், அப்பவும் வரல" என்பார்கள். விண்டோஸ் 8 வந்த காலத்திலிருந்து ஷட்டவுன் என்பது முழு ஷட்டவுன் இல்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கும் கணினியில் கெர்னலும் டிரைவர்களும் இருந்த நிலையிலேயே டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு, மறுபடி அதே நிலையில் எழும். குழம்பிப்போன டிரைவர் குழப்பத்தோடேயே எழுந்து வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். லேப்டாப்பில் வைஃபை திடீரென்று காணாமல் போனால், ஷட்டவுன் செய்து, சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடித்துவிட்டு ஏற்றிப் பாருங்கள். வைஃபை கார்டு வாங்க ஆள் அனுப்புவதற்கு முன் செய்ய வேண்டியது இது.

இனி மின்சாரம். நம் ஊர்களில் பாதிக் கோளாறு சுவரிலிருந்து வருகிறது என்பது என் உறுதியான எண்ணம். இதை யாரும் உங்களுக்குச் சரியாகச் சொல்லித் தருவதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

"கேபினெட்டைத் தொட்டா சுருக்குன்னு அடிக்குது" என்ற புகாருக்கு எஸ்எம்பிஎஸ் மாற்றிக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. புது எஸ்எம்பிஎஸ்ஸும் அடிக்கும், ஏனென்றால் கோளாறு அதில் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவாயிலில் மின் இரைச்சலை வடிகட்டும் சின்னக் கெப்பாசிட்டர்கள் இரண்டு, ஃபேஸிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாக, கேபினெட்டோடு இணைந்திருக்கும். எர்த் ஒழுங்காக இருந்தால் அந்தச் சின்னக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் மெயின் வோல்டேஜில் பாதி, சுமார் 115 வோல்ட், கேபினெட்டில் வந்து நிற்கும். மூன்று துளை சாக்கெட் இருப்பதால் எர்த் இருக்கிறது என்று நம்பாதீர்கள். பல வீடுகளில் மேல் துளைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. மல்டிமீட்டரை ஏசியில் வைத்து அளந்து பாருங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 அளவில் காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே சில வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. சரியாக இல்லையென்றால் எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் போடச் சொல்லுங்கள். சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிட்டுப் போகும் குறுக்கு வழியை மட்டும் கனவிலும் செய்யாதீர்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் கேபினெட் முழுதும் 230 வோல்ட் ஏறும். அதைத் தொடுவது ஒரு குழந்தையாக இருக்கலாம்.

எர்த் இல்லாத இடத்தில் கணினியையும் டிவியையும் ஆன் நிலையிலேயே எச்டிஎம்ஐ கேபிளால் இணைத்தால் போர்ட் எரிந்துபோகலாம். "புதுப் போர்டுண்ணே, எச்டிஎம்ஐ மட்டும் போயிடுச்சு" என்று வருவதில் நிறைய இந்த வகைதான். ஐப்பசி, கார்த்திகை இடிக்குப் பிறகு லேன் போர்ட் சாவது வேறு வகை: பிராட்பேண்ட் கேபிள் வழியாக வந்த அடி அது. கணினியின் ப்ளக்கைப் பிடுங்கியவர்கள் லேன் கேபிளைப் பிடுங்க மறந்திருப்பார்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகித்தால் அளந்து முடிவு செய்யுங்கள். மஞ்சள் ஒயரில் 12 வோல்ட், சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3. ஏற்ற இறக்கம் ஐந்து சதவீதம் வரை பரவாயில்லை. மஞ்சள் 11.4-க்குக் கீழே இறங்கினால் அது போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். மதர்போர்டிலிருந்து கழற்றி, பச்சையையும் கறுப்பையும் இணைத்து ஃபேன் சுற்றுவதைப் பார்த்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்வது அரைச் சோதனை. சுமை இல்லாமல் எதுவும் சுற்றும். போர்டில் மாட்டி, கணினி வேலை செய்யும்போதே அளக்க வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸின் உறையைத் திறப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: உள்ளே பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் டிசி நிற்கும். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும். அதை இறக்கத் தெரியாதவர் திறக்கவே வேண்டாம்.

விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் 41 என்ற எண்ணோடு 'கெர்னல் பவர்' என்று சிவப்பாக ஒரு பதிவு இருக்கும். அதைப் பார்த்தவுடன் "பவர் சப்ளை போச்சு" என்று முடிவு கட்டுகிறார்கள். அந்தப் பதிவு சொல்வது, முந்தைய முறை கணினி முறையாக அணையவில்லை என்பதை மட்டும்தான். காரணம் கரண்டாக இருக்கலாம், சூடாக இருக்கலாம், ரேமாக இருக்கலாம், யாரோ பட்டனை அழுத்திப் பிடித்திருக்கலாம்.

டிஸ்ப்ளே வராத கணினிக்கு வழி உங்களுக்கே தெரியும், சுருக்கமாகச் சொல்கிறேன். தேவையில்லாத எல்லாவற்றையும் கழற்றுங்கள். பிராசஸர், ஒரு ரேம், போர்டு, பவர் மட்டும் இருக்கட்டும். ரேமை ஒவ்வொரு ஸ்லாட்டாக மாற்றுங்கள். கால்களை ரப்பரால் துடைப்பது தப்பில்லை. துகள்களைத் தட்டிவிட்டு மாட்டுங்கள். பீப் ஒலியையும், லேப்டாப்பில் மினுக்கும் விளக்கின் எண்ணிக்கையையும் எழுதிவைத்து அந்த மாடலின் கையேட்டில் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ரேமையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் ஒன்றாக மாற்றிச் சரியாகிவிட்டால், எது கெட்டது என்று கடைசிவரை தெரியாது. வாடிக்கையாளர் இரண்டுக்கும் காசு கொடுப்பார். பழைய போர்டு என்றால் பிராசஸரைச் சுற்றியுள்ள கெப்பாசிட்டர்களின் தலை புடைத்திருக்கிறதா என்று பாருங்கள். 2000-களின் முற்பகுதியில் உலகம் முழுவதும் தரமற்ற கெப்பாசிட்டர்கள் போர்டுகளில் ஏறி, டெல் நிறுவனம் 2005-இல் அதற்காக மட்டும் 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டி வந்தது. அந்தப் போர்டுகள் சாகும் முன் பல மாதம் காரணமில்லாமல் ஹேங் ஆகிக் காட்டின. அவற்றுக்கு எத்தனை ஃபார்மேட் போட்டாலும் பலன் இருந்திருக்காது.

சிமாஸ் பேட்டரியைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். சிஆர் 2032 என்ற அந்த 3 வோல்ட் வில்லை தீர்ந்துபோனால் தேதி பின்னால் போய்விடும். தேதி தப்பானால் பிரவுசர் எந்தத் தளத்தையும் நம்பாது. 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று நிற்கும். வங்கித் தளம் திறக்காது, வரித் தளம் திறக்காது. வைரஸ் என்று பயந்து கொண்டுவருவார்கள். டாஸ்க்பாரின் மூலையில் இருக்கும் தேதியை முதலில் பாருங்கள்.

ஹார்ட் டிஸ்க்குக்கு வருவோம். இங்கே அவசரம் பிடித்தால் ஒரு குடும்பத்தின், ஒரு கடையின் பத்து வருடம் போய்விடும். டிஸ்க் சந்தேகமாக இருந்தால் முதல் வேலை டேட்டாவை எடுப்பது. பழுது பார்ப்பது இரண்டாவது. 'டக் டக்' என்று சத்தம் போடும் டிஸ்க்கை உடனே நிறுத்துங்கள். ஒவ்வொரு முறை ஏற்றிப் பார்க்கும்போதும் மிச்சம் இருப்பது குறையும். அதன் மேல் செக்டிஸ்க் ஓட்டுவது நல்லதல்ல. செக்டிஸ்க் கோப்பு அமைப்பைத்தான் ஒழுங்குபடுத்தும். தேய்ந்த தட்டை ஒன்றும் செய்யாது, கூடுதலாக உழைக்க வைத்துவிடும். படிக்க முடிகிற டிஸ்க் என்றால் முதலில் இன்னொரு டிஸ்க்குக்கு முழு நகல் எடுங்கள். பிறகு நகலில் வேலை பாருங்கள்.

டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதிவைக்கும் ஸ்மார்ட் குறிப்பைப் படிக்கப் பழகுங்கள். இலவச மென்பொருள்களே காட்டும். 5 என்ற வரிசையில் எண் ஏறிக்கொண்டே போனால், கெட்ட செக்டர்களுக்குப் பதில் உதிரி இடம் செலவாகிக்கொண்டிருக்கிறது. 197-இல் எண் இருந்தால், படிக்க முடியாமல் தவிக்கும் இடங்கள் காத்திருக்கின்றன. இவை இரண்டும் டிஸ்க்கின் நோய். ஆனால் 199 மட்டும் ஏறுகிறது, மற்றவை சுத்தமாக இருக்கின்றன என்றால், பெரும்பாலும் டிஸ்க் நல்லதாகவே இருக்கும். சாட்டா கேபிளைத்தான் பார்க்க வேண்டும். கணினி நின்று நின்று ஓடுவதற்கு ஒரு கேபிள் காரணமாக இருக்க, டிஸ்க் மாற்றி ஓஎஸ் போட்டுக் காசு வாங்குவது நியாயமில்லை.

டிரைவர்களுக்கு வந்துவிட்டோம். டிவைஸ் மேனேஜரைத் திறந்து மஞ்சள் முக்கோணம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து மூடிவிடாதீர்கள். அதன் மேல் இரண்டு முறை தட்டினால் ஒரு எண் இருக்கும். 28 என்றால் டிரைவர் ஏற்றப்படவில்லை. 22 என்றால் யாரோ அதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், எனேபிள் செய்தால் போதும். 10 என்றால் டிரைவர் இருந்தும் சாதனம் தொடங்கவில்லை. 43 என்றால் சாதனமே கோளாறைச் சொல்லியதால் விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது. இந்த நான்கும் நான்கு வேறு வேலைகள். நான்குக்கும் ஒரே டிரைவர் பேக்கை ஓடவிடுவது மருந்துக்கடையில் கைக்கு வந்த மாத்திரையை எடுத்துக் கொடுப்பது போல.

பெயர் தெரியாத சாதனம் என்றால் டீடெய்ல்ஸ் பகுதியில் ஹார்டுவேர் ஐடியைப் பாருங்கள். வெண்டார் எண் 8086 என்றால் இன்டெல். 1978-இல் வந்த தன் பழைய சிப்பின் பெயரையே அந்த நிறுவனம் அடையாள எண்ணாக வைத்திருக்கிறது. 10இசி என்றால் ரியல்டெக், 10டிஇ என்றால் என்விடியா, 1002 என்றால் ஏஎம்டி. எண்ணைத் தெரிந்துகொண்டு, லேப்டாப் என்றால் அந்த லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் மாடல் எண்ணைக் கொடுத்து எடுங்கள். எங்கிருந்தோ இறக்கிய பல ஜிபி டிரைவர் பேக், தேவையில்லாத டிரைவர்களையும் சில நேரம் விளம்பர மென்பொருளையும் சேர்த்து ஏற்றிவிடும்.

பட்டியலில் பெயரே இல்லை, 'அன்நோன் டிவைஸ்' என்றுகூட இல்லை என்றால், டிரைவரைத் தேடி அலைய வேண்டாம். பயாஸில் நிறுத்தி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் பாகமோ இணைப்போ போயிருக்கிறது. சந்தேகம் தீர ஒரு பென்டிரைவில் உபுண்டுவோ மின்ட்டோ வைத்திருங்கள். இன்ஸ்டால் செய்யாமல், டிஸ்க்கைத் தொடாமல் அதிலிருந்தே கணினியை ஏற்றுங்கள். அங்கே வைஃபையும் சவுண்டும் வேலை செய்தால் பாகம் நல்லது, கோளாறு விண்டோஸ் பக்கம். இந்தப் பென்டிரைவ் உங்கள் பையில் ஸ்க்ரூடிரைவருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய பொருள்.

11-ஆம் தலைமுறை இன்டெல் லேப்டாப்புகள் வந்த பிறகு பரவிய குழப்பம் ஒன்று. விண்டோஸ் போட உட்கார்ந்தால் டிஸ்க்கே காட்டாது. எஸ்எஸ்டி போய்விட்டது என்று புதிதாக மாட்டுவார்கள்; அதையும் காட்டாது. காரணம், டிஸ்க் விஎம்டி என்ற கட்டுப்பாட்டுக்குப் பின்னால் இருக்கிறது. பழைய இன்ஸ்டாலரிடம் அதற்கான டிரைவர் இல்லை. லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து இன்டெல் ரேப்பிட் ஸ்டோரேஜ் டிரைவரை எடுத்துப் பென்டிரைவில் விரித்து வைத்து, 'லோட் டிரைவர்' கொடுத்தால் டிஸ்க் வந்துவிடும். சிலர் பயாஸில் விஎம்டியை அணைத்துவிடுகிறார்கள். புதிதாகப் போடும்போது அது ஓடும். ஏற்கெனவே விண்டோஸ் உள்ள கணினியில் அப்படித் திடீரென்று மாற்றினால் அந்த விண்டோஸ் ஏறாமல் நீலத்திரையில் நிற்கும். அது ஃபார்மேட்டுக்கான அறிகுறி இல்லை. அமைப்பைப் பழையபடி வைத்தால் ஏறிவிடும்.

அரிசி ஆலை, எடைமேடை, லேத் பட்டறைப் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு இது. எடைமேடையின் இண்டிகேட்டரிலிருந்து கணினிக்கு எடையைக் கொண்டுவருவது பெரும்பாலும் ஒரு யுஎஸ்பி சீரியல் கன்வர்ட்டர். அதற்குள் எஃப்டிடிஐ அல்லது புரோலிஃபிக் சிப் இருக்கும். அல்லது அவற்றின் போலி இருக்கும். 2014 அக்டோபரில் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த எஃப்டிடிஐ டிரைவர், போலிச் சிப்பைக் கண்டால் அதன் அடையாள எண்ணைச் சுழியாக மாற்றி எழுதியது. அதன் பிறகு அந்தச் சாதனத்தை விண்டோஸ் அடையாளம் காணவே இல்லை, வேறு கணினியில் செருகினாலும். எதிர்ப்பு கிளம்பி அந்த அப்டேட் திரும்பப் பெறப்பட்டது. போலி என்றே தெரியாமல் வாங்கியவர்தான் அதில் அடிபட்டார். புரோலிஃபிக்கும் புதிய டிரைவர்களில் பழைய சிப்புகளை ஏற்பதை நிறுத்தியது. அந்தச் சிப் 2012-லிருந்தே நிறுத்தப்பட்டுவிட்டது என்று டிவைஸ் மேனேஜரிலேயே எழுதிக் காட்டும், அல்லது எண் 10 காட்டும். நேற்றுவரை ஓடிய எடைமேடை இன்று காலை நின்றால், லாரிகள் வரிசையில் நிற்கும்போது, இது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். டிவைஸ் மேனேஜரில் பட்டியலிலிருந்து பழைய டிரைவரைத் தேர்ந்தெடுத்து அன்றைய வேலையை ஓட்டுங்கள். அந்த வாரத்துக்குள் நல்ல கன்வர்ட்டர் ஒன்றை வாங்கி மாட்டச் சொல்லுங்கள். கணினியை ஃபார்மேட் போட்டால் எடைமேடை மென்பொருளின் லைசென்சும் போகும், பழைய எடைச் சீட்டுகளும் போகும்.

பிரிண்டர் ஷேரிங் நின்றுபோனதற்கும் இப்படி ஒரு வரலாறு உண்டு. 2021 ஜூலையில் விண்டோஸின் பிரிண்ட் ஸ்பூலரில் 'பிரிண்ட்நைட்மேர்' என்ற பெரிய ஓட்டை வெளியானது. அடுத்தடுத்த மாதங்களில் பிரிண்டிங் பாதுகாப்பை மைக்ரோசாஃப்ட் இறுக்கிக்கொண்டே போக, செப்டம்பர் அப்டேட்டுக்குப் பிறகு ஊரெல்லாம் '11பி' என்று முடியும் பிழை எண்ணோடு ஷேர் செய்த பிரிண்டர்கள் நின்றன. நம்மில் பலர் அப்டேட்டைப் பிடுங்கினோம், அல்லது ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரி சேர்த்தோம். பிரிண்ட் வந்தது, மூடிய கதவும் திறந்துகொண்டது. இரண்டு கணினிகளையும் ஒரே அளவுக்கு அப்டேட் செய்வதும், பிரிண்டருக்கு லேன் வசதி இருந்தால் ஒவ்வொரு கணினியிலும் நேரடியாக ஐபி எண்ணில் சேர்ப்பதும் ஒழுங்கான வழி. அரை மணி கூடுதலாகும். அந்த அரை மணிக்குக் கூலி கேளுங்கள், தருவார்கள்.

நீலத்திரை வந்தால் ஃபார்மேட்தான் என்று நினைப்பவர்கள் 2024 ஜூலை 19-ஐ நினைத்துப் பாருங்கள். கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளின் ஒரு தவறான கோப்பு, அதன் கெர்னல் டிரைவரை விழவைத்து, உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் நிறுத்தியது. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். தீர்வு என்னவாக இருந்தது? சேஃப் மோடில் ஏற்றி, 291 என்ற எண்ணைத் தாங்கிய அந்தக் கோப்பை மட்டும் அழிப்பது. நீலத்திரையில் வரும் பெயரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் கோப்புறைக்குள் மினிடம்ப் இருக்கிறதா என்று பாருங்கள். ப்ளூஸ்கிரீன்வியூ போன்ற சின்ன மென்பொருள் எந்த டிரைவர் விழுந்தது என்று காட்டும். ஒவ்வொரு முறையும் ஒரே டிரைவரின் பெயர் என்றால் அதை ரோல்பேக் செய்யுங்கள். முறைக்கு ஒரு பெயர் என்றால் ரேமைச் சந்தேகித்து இரவு முழுக்க மெம்டெஸ்ட் ஓட விடுங்கள்.

அதே நாளில் பலரைக் கூடுதலாக வதைத்தது பிட்லாக்கர். இப்போது அது நம் வாடிக்கையாளர்களின் லேப்டாப்புகளுக்குள்ளும் வந்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அமைத்த பல புதிய லேப்டாப்புகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்படுகிறது, உரிமையாளருக்குத் தெரியாமலேயே. பயாஸ் அப்டேட், பயாஸ் ரீசெட், போர்டு மாற்றம் போன்றவை செய்தால் அடுத்த முறை 48 இலக்கச் சாவியைக் கேட்கும். சாவி இல்லையென்றால் டேட்டா இல்லை. ரிச்சி தெருவில் யாராலும் எடுக்க முடியாது. அதனால் லேப்டாப் பயாஸில் கை வைக்கும் முன் பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பாருங்கள். வாடிக்கையாளரின் கணக்கில் சாவி இருக்கிறதா என்று அவரை வைத்தே திறந்து பாருங்கள். பிறகு தற்காலிகமாக நிறுத்திவிட்டு வேலையைத் தொடங்குங்கள். இந்த மடலில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. அதைச் சொல்லி, ஓடிக்கொண்டிருக்கும் கணினியைக் குப்பை என்று பயமுறுத்தி விற்காதீர்கள். டிபிஎம் 2.0 இல்லாத, 8-ஆம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் கணினிக்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடையாது என்பது உண்மை. பிரவுசரும் தட்டச்சும் மட்டும் போதும் என்பவருக்கு ஓர் எஸ்எஸ்டி போட்டு லினக்ஸ் ஏற்றிக் கொடுத்தால் இன்னும் பல வருடம் ஓடும்.

புடைத்த லேப்டாப் பேட்டரியைக் குத்தி ஓட்டை போடாதீர்கள், அமுக்கி மூடாதீர்கள். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு மெதுவாகக் கழற்றி மின்கழிவு வாங்குபவர்களிடம் சேருங்கள். பழுதுக்கு வந்த கணினியில் யாருடைய புகைப்படத்தையும் திறக்காதீர்கள். கடையில் வேலை பழகும் பையன்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லுங்கள். லேப்டாப்பைக் கொடுத்துவிட்டு ஒரு பெண் இரவெல்லாம் பயந்துகொண்டிருக்கும் நிலையை நம் தொழில் உண்டாக்கக் கூடாது.

கடைசியாக, பில். 'சர்வீஸ் சார்ஜ்' என்று இரண்டு வார்த்தை எழுதிக் கொடுக்கிறோம். இனி நான்கு வரி எழுதுங்கள். என்ன புகாரோடு வந்தது, என்ன காரணம் கண்டீர்கள், எதை மாற்றினீர்கள், மாற்றிய பின் அளவு என்ன காட்டியது. "பிரிண்ட் கொடுத்தால் ரீஸ்டார்ட். பிரிண்டர் யுபிஎஸ்ஸில் இருந்தது. சுவர் சாக்கெட்டுக்கு மாற்றப்பட்டது. இருபது பக்கம் அச்சிட்டுச் சோதிக்கப்பட்டது." கழற்றிய பழைய பாகத்தையும் அவர் கையில் கொடுங்கள். பாகம் எதுவும் மாற்றாத வேலைக்கும் கூலி வாங்க இந்த நான்கு வரி உங்களுக்குத் துணை நிற்கும். அடுத்த முறை அதே கணினி வேறொரு கடைக்குப் போனால், அங்கே இருக்கும் தம்பியோ தங்கையோ அதைப் படித்துவிட்டு மேலே தொடரலாம்.

அன்புடன்,
உங்கள் தொழிலில் மூத்தவன்